ஆரம்பப் பள்ளியில் உடற்கல்விப் பயிற்சி: முதல்முறை வகுப்பெடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உடற்கல்வி படிக்கிற மாணவர்கள் சில வாரங்கள் பள்ளிக்குப் போய், அங்குள்ள ஆசிரியரின் மேற்பார்வையில் தாங்களே வகுப்பு நடத்த வேண்டும். இதைத்தான் கற்பித்தல் பயிற்சி என்கிறோம். நான் ஆரம்பப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பல வருடங்களாக வழிகாட்டியாகவும் இருக்கிறேன். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளை முதல்முறையாகக் கையில் எடுக்கும்போது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் கல்லூரி அணியில் ஆடியவன். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு கடினமா?

விளையாடத் தெரிவது வேறு, அதை ஆறு வயதுப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. இந்த வயதில் பாடம் என்பது ஓடுவது, தாவுவது, நொண்டியடிப்பது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, உருள்வது, ஒற்றைக்காலில் நிற்பது, இவ்வளவுதான். பாடத்திட்டங்களில் அடிப்படை இயக்கத் திறன்கள் என்று எழுதியிருப்பார்கள். வயது ஏறினால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. ஒழுங்காக எறியத் தெரியாத பெரியவர்கள் எத்தனை பேர் என்று சுற்றிலும் பார்த்தாலே தெரியும். எறியவும் பிடிக்கவும் பழகாமலே பத்து வயதைத் தாண்டுகிற பிள்ளைக்கு அப்புறம் விளையாட்டு என்றாலே கூச்சமாகிவிடுகிறது. மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது.

அணியில் ஆடிய அனுபவம் சில சமயம் குறுக்கே நிற்கவும் செய்யும். உங்கள் உடம்புக்குப் பழகிப்போனதை நீங்கள் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வலதுகைக்காரர் என்றால் இடது கையால் ஒரு பந்தைத் தூரமாக எறிந்து பாருங்கள். எந்தக் காலை முன்னே வைப்பது, இடுப்பை எப்போது திருப்புவது என்று தடுமாறுவீர்கள். உங்கள் முன்னால் நிற்கப்போகிற குழந்தைக்கு எப்போதும் அந்தத் தடுமாற்றம்தான்.

வாரத்துக்கு இரண்டு மூன்று பாடவேளைதான் கிடைக்கிறது. அதில் என்ன பெரிதாக மாறிவிடும்?

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்குகிற அளவுக்காவது உடல் உழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கிற, நன்றாக மூச்சிரைக்க வைக்கிற இயக்கமும் இருக்க வேண்டுமாம். உங்கள் பாடவேளையால் மட்டும் இந்தக் கணக்கு நிறையாது. அதனால்தான் வகுப்பில் சொல்லித் தருவது வகுப்புக்கு வெளியிலும் போக வேண்டும். கயிறு தாண்டப் பழகிய பிள்ளை வீட்டு வாசலில் தானாகத் தாண்டும். பழகாத பிள்ளை கயிற்றைத் தொடாது. அதோடு, பாடவேளையில் பாதி நேரமாவது ஒவ்வொரு பிள்ளையும் சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என்பது உடற்கல்வித் துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட இலக்கு. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். அளந்து பார்த்தால்தான் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று தெரியும்.

முதல் வாரம் முழுக்க வகுப்பைக் கவனிக்கச் சொல்கிறார்கள். என்னத்தைக் கவனிப்பது?

ஒரே ஒரு குழந்தையை. ஆசிரியர் பக்கம் திரும்பவே வேண்டாம். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளையும் வேண்டாம், குறும்பு செய்கிற பிள்ளையும் வேண்டாம். யார் கண்ணிலும் படாமல் நடுவில் நிற்கிற ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். கையில் கடிகாரமும் ஒரு தாளும் போதும். பிள்ளை இயங்கிய நேரம், ஆசிரியர் பேசக் கேட்டுக்கொண்டிருந்த நேரம், முறைக்காகக் காத்திருந்த நேரம், பொருளை எடுக்கவும் வைக்கவும் போன நேரம் என்று நாலாகப் பிரித்துக் குறியுங்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி என் வகுப்பையே இப்படி அளந்தார். அன்றைக்குப் பந்தை உருட்டிக் கூம்பைச் சாய்க்கும் பயிற்சி. வரிசைக்கு எட்டுப் பேர். அவர் தேர்ந்தெடுத்த சிறுமி தன் முறை வரும்வரை சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். முறை வந்தது, உருட்டினாள், பந்து விலகிப் போனது. ஓடிப்போய் எடுத்து வந்து அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்ப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை அவளுக்கு ஐந்து முறைதான் பந்து கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நல்ல வகுப்பு. சிரிப்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது, யாரும் அழவில்லை. மாணவி அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பாடக்குறிப்பை எழுதினாலும் அந்தப் பொத்தான் எனக்கு ஞாபகம் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற பாதி விஷயம் அந்தத் தாளிலிருந்து வந்ததுதான்.

வரிசை இல்லாமல் முப்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

வரிசையே கூடாது என்று சொல்லவில்லை. வரிசையில் மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சில வழிகள் உண்டு.

பொருள் போதுமான அளவு இருந்தால் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு பந்து இருந்தால் பிள்ளைகள் மைதானம் முழுக்கப் பரவித் தங்கள் இடத்திலேயே தட்டலாம், மேலே போட்டுப் பிடிக்கலாம். பாதிதான் இருக்கிறது என்றால் இரண்டிரண்டு பேராக. ஆறு ஏழுதான் இருக்கிறது என்றால் நிலையங்கள் அமையுங்கள். ஓர் இடத்தில் பந்து உருட்டுவது, இன்னொன்றில் கயிறு தாண்டுவது, அடுத்ததில் தரையில் வரைந்த கோட்டின்மேல் நடப்பது, அதற்கடுத்ததில் சுவரில் வரைந்த வட்டத்தைப் பார்த்து எறிவது. ஏழெட்டுப் பேர் கொண்ட குழுக்கள் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடுத்த நிலையத்துக்கு மாறும். ஒவ்வொரு நிலையத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படமாக வரைந்து கூம்பில் ஒட்டிவிட்டால் திரும்பத் திரும்ப வாயால் சொல்ல வேண்டியதில்லை.

நிலையங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக வைத்தால் நீங்கள் ஓடி ஓடி விளக்கிக்கொண்டே இருப்பீர்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவை மூன்று, புதியது ஒன்று என்று வைத்து, அந்தப் புதியதன் பக்கத்தில் நில்லுங்கள். நிற்கும்போது மற்ற மூன்றும் உங்கள் கண்ணில் படுகிற மாதிரி மைதானத்தின் ஓரமாக நில்லுங்கள். நடுவில் நின்றால் எப்போதும் பாதி வகுப்பு உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும்.

மைதானத்தில் கால் வைத்ததும் சிதறிவிடுகிறார்கள். என் குரலே எடுபடவில்லை.

குரலை நம்பாதீர்கள். முதல் இரண்டு வகுப்பில் வேறு எதையும் சொல்லித் தராவிட்டாலும் பரவாயில்லை, நிற்கச் சொல்லித் தாருங்கள். நிறுத்தும் சைகை ஒன்றே ஒன்று போதும். ஒரு விசிலோ, இரண்டு கைதட்டலோ, தம்பட்டத்தில் ஓர் அடியோ. அதைக் கேட்டதும் இருக்கிற இடத்திலேயே சிலையாகி, கையில் பொருள் இருந்தால் காலடியில் வைத்துவிட்டு, கண்ணை உங்கள் பக்கம் திருப்ப வேண்டும். இதையே விளையாட்டாக்கிவிடலாம். ஓடு, நில். தாவு, நில். நண்டு மாதிரி நட, நில். எத்தனை நொடியில் எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள் என்று சத்தமாக எண்ணுங்கள். ஐந்தில் தொடங்கி மூன்றுக்குக் கொண்டுவருவதே அவர்களுக்குப் பெரிய கொண்டாட்டம்.

அப்புறம் விளக்கம். அரை நிமிடத்துக்கு மேல் பேசினால் ஆறு வயதுக் கண்கள் பறவையைப் பார்க்கப் போய்விடும். ஒரு விஷயம் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், விட்டுவிடுங்கள். அடுத்த விஷயத்தை அவர்கள் இரண்டு நிமிடம் ஆடிய பிறகு நிறுத்திச் சொல்லலாம். பந்தைக் கொடுத்துவிட்டு விளக்கத் தொடங்காதீர்கள். கையில் பந்து இருக்கிற பிள்ளை கேட்காது, கேட்கவும் முடியாது. விளக்கும்போது வெயில் உங்கள் முகத்தில் அடிக்கட்டும், பிள்ளைகளின் முகத்தில் வேண்டாம். பொருள்களை ஒரே மூட்டையில் வைக்காமல் நான்கைந்து இடத்தில் பிரித்து வையுங்கள். முப்பது பேர் ஒரே பையை நோக்கி ஓடுகிற காட்சியைப் பார்த்திருந்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

பாடக்குறிப்பில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும்?

கல்லூரி கேட்கிற படிவத்தை முழுதாக நிரப்புங்கள், அது உங்கள் மதிப்பெண். ஆனால் மைதானத்துக்கு எடுத்துப்போக உள்ளங்கை அளவு ஒரு அட்டை போதும். அதில் நான்கு வரி. இன்றைய நோக்கம் ஒன்று. அதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டும் சுருக்கச் சொல் இரண்டு அல்லது மூன்று. மைதானத்தின் படம். ரொம்ப எளிதாக இருந்தால் என்ன மாற்றுவது, ரொம்பக் கடினமாக இருந்தால் என்ன மாற்றுவது.

நோக்கத்தைப் பிள்ளை செய்கிற காரியமாக எழுதுங்கள். ‘எறிதல் திறனை வளர்த்தல்’ என்று எழுதினால் வகுப்பு முடிந்ததும் அது நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது. ‘எறியும்போது எதிர்க்காலை (எறிகிற கைக்கு மறுபக்கத்துக் காலை) முன்னே வைப்பார்கள்’ என்று எழுதினால் பத்து நிமிடத்தில் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

இங்கே ஒருவரைச் சொல்ல வேண்டும். நடனத் துறையில் இயங்கிய ருடால்ஃப் லாபான் (1879–1958) மனித அசைவை உடல், வெளி, விசை, உறவு என்று பகுத்துப் பார்த்தார். இந்தப் பகுப்பு ஆரம்பப் பள்ளி உடற்கல்விக்குள் வந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது. பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்து ஒன்றும் தோன்றாதபோது இதைக் கையில் எடுங்கள். தாவுவது என்று ஒன்றை வைத்துக்கொண்டு, எங்கே (முன்னே, பின்னே, பக்கவாட்டில், வளைந்து), எப்படி (மெதுவாக, சட்டென்று, சத்தமே வராமல்), யாரோடு அல்லது எதோடு (ஜோடியாக, கயிற்றுக்கு மேலே, வளையத்துக்குள்) என்று மாற்றிக்கொண்டே போனால் ஒரே தாவலில் ஒரு வாரத்துப் பாடம் கிடைக்கும்.

ஒரு பையனுக்குப் பந்து பிடிக்கவே வரவில்லை. பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். என்ன செய்ய?

அவன் திருப்பிக்கொள்வது பயத்தில். எப்போதோ மூக்கில் வாங்கியிருப்பான். ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயன் இல்லை, பயப்பட வேண்டாத பொருளைக் கொடுங்கள்.

மெல்லிய துணிக் கைக்குட்டையில் தொடங்குங்கள். மேலே வீசினால் அது காற்றில் மிதந்து, ஆடி ஆடி, மெதுவாக இறங்கும். கண்ணால் பின்தொடர நிறைய நேரம் கிடைக்கும். முகத்தில் விழுந்தாலும் சிரிப்புதான் வரும். முதலில் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கட்டும். பிறகு தலைக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, ஒரு கைதட்டிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு. அடுத்து பலூன். (லேடக்ஸ் என்ற ரப்பருக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளை யாராவது இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.) அதற்கடுத்து காற்றடைத்த பெரிய லேசான பந்து, உட்கார்ந்தபடியே உருட்டிப் பிடிப்பது. பிறகு தானே தரையில் தட்டி, எழும்புவதைத் தானே பிடிப்பது. அதன் பிறகுதான் இன்னொருவர் எறிந்து பிடிப்பது. அதிலும் தானியம் நிரப்பிய சிறு துணிப்பை நல்லது. கையில் விழுந்தால் துள்ளாது, தவறினால் உருண்டோடாது.

சொல்ல வேண்டிய சொற்கள் மூன்று: ‘பார், நீட்டு, இழு’. பந்தைக் கண்ணால் பார். கையை முன்னே நீட்டு. கையில் பட்டதும் மார்பை நோக்கி இழு. உயரமாக வரும் பந்துக்குக் கட்டை விரல்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், தாழ்வாக வரும் பந்துக்குச் சுண்டு விரல்கள். இதை ஏழு எட்டு வயதுக்கு மேல் சொன்னால் போதும்.

இப்படி ஒரு பையனை நான் கைக்குட்டையிலிருந்து துணிப்பைக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. முதல்முறை துணிப்பை உள்ளங்கையில் ‘தொப்’பென்று விழுந்து நின்றபோது அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தான். விரல்களைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்து பார்த்தான்.

‘சூப்பர்’, ‘வெரி குட்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போதாதா?

உற்சாகம் வேண்டும், நிறுத்தாதீர்கள். ஆனால் அதோடு என்ன நன்றாக இருந்தது என்றும் சொல்லுங்கள். ‘சூப்பர், இந்தத் தடவை எதிர்க்காலை முன்னே வைத்தாய்’ என்றால் அடுத்த முறையும் வைக்கும். வெறும் ‘சூப்பர்’ என்றால் எது சூப்பர் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு சமயத்தில் ஒரே திருத்தம். கால், இடுப்பு, முழங்கை மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் மூன்றும் போய்விடும்.

ஒரே வகுப்பில் சிலர் ரொம்ப முன்னே, சிலர் ரொம்பப் பின்னே. யாருக்காகப் பாடம் அமைப்பது?

மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வியாளர் 1966இல் கற்பிக்கும் முறைகளை ஒரு நிறமாலை போல வரிசைப்படுத்தினார். ஒரு முனையில் எல்லா முடிவையும் ஆசிரியரே எடுக்கிறார். அடுத்த முனையை நோக்கிப் போகப் போக முடிவுகள் மாணவர் கைக்கு மாறுகின்றன. அதில் நடுவில் வருகிற ஒரு முறைக்கு அவர் காட்டிய உதாரணத்தை என்னிடம் வருகிற எல்லோரையும் செய்து பார்க்கச் சொல்வேன். தாண்டுவதற்குக் கயிற்றை நேராகப் பிடித்தால் என்ன ஆகிறது? எல்லோரும் தாண்டுகிறார்கள். உயர்த்துகிறோம், சிலர் வெளியே போகிறார்கள். இன்னும் உயர்த்துகிறோம், கடைசியில் ஒருவர் தாண்ட மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தக் கயிற்றையே சாய்த்துப் பிடியுங்கள். ஒரு முனை தரையில், மறுமுனை இடுப்பு உயரத்தில். எங்கே தாண்டுவது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கும். யாரும் வெளியேறத் தேவையில்லை.

செய்து பார்த்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் தாழ்ந்த முனையிலேயே நின்றுவிடுவதில்லை. இரண்டு தடவை எளிதாகத் தாண்டியதும் ஓர் அடி தள்ளிப் போய் நிற்கிறார்கள். யாரும் சொல்லாமலே.

மற்றத் திறன்களுக்கும் இப்படிச் சாய்ந்த கயிறு உண்டு. எறியும் கோட்டை ஒன்றுக்குப் பதில் மூன்றாக வரையுங்கள், எங்கிருந்து எறிவது என்பது பிள்ளையின் விருப்பம். இடத்தை, செயலை, பொருளை, ஆட்களின் எண்ணிக்கையை, இந்த நான்கில் ஏதாவது ஒன்றை மாற்றினால் எந்தப் பயிற்சியையும் எளிதாக்கலாம், கடினமாக்கவும் செய்யலாம். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கும், பார்வை குறைந்த பிள்ளைக்கும், சத்தம் தாங்காத பிள்ளைக்கும் இதே நான்கில்தான் வழி தேட வேண்டும். மணி வைத்த பந்து, அகலமான பாதை, விசிலுக்குப் பதில் உயர்த்திய கை. ‘நீ ஸ்கோர் எழுது’ என்று ஓரமாக உட்கார வைப்பது வழி ஆகாது. எது முடியும், எது பிடிக்கும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டால் பல சமயம் நீங்கள் யோசிக்காத பதில் வரும்.

தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளைப் பிள்ளைகளே கேட்கிறார்கள். வைக்கலாமா?

யார் முதலில் வெளியேறுகிறார்கள் என்று பாருங்கள். பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான். அது உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே நன்றாக ஓடுகிற பிள்ளை கடைசிவரை ஓடுகிறது. விளையாட்டை வையுங்கள், வெளியேறுவதை மட்டும் எடுத்துவிடுங்கள். தொட்டுப் பிடிக்கும் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர் காலை விரித்துச் சிலையாக நிற்கட்டும், நண்பர் ஒருவர் காலுக்கடியில் தவழ்ந்து வந்தால் விடுதலை. அல்லது ஓரத்தில் போய் ஐந்து தடவை தாவிவிட்டு மறுபடி உள்ளே வரலாம். பிள்ளைகள் யாரும் குறை சொன்னதில்லை. ஆட்டம் நிற்காமல் போவதால் இன்னும் குஷியாகத்தான் ஆடுகிறார்கள்.

குழு பிரிக்கும்போதெல்லாம் சண்டை வருகிறது.

இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். கடைசியாக மிஞ்சுகிற பிள்ளைக்கு அது வருடக்கணக்கில் மறக்காது. பிறந்த மாதம், கைக்கு வந்த பட்டையின் நிறம், ‘ஒன்று இரண்டு’ என்று எண்ணுவது, எது வேண்டுமானாலும் சரி. நான் பெரும்பாலும் முந்தைய நாளே எழுதிவைத்துவிடுவேன்.

சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட விடலாமா?

வேண்டாம். ஓடுவதை நேசிக்க வைக்கத்தான் நாம் இருக்கிறோம். அதையே தண்டனையாகக் கொடுத்தால் என்ன அர்த்தம்? தோப்புக்கரணமும் தண்டாலும் அப்படித்தான். ஒரு பிள்ளை மற்றவர்களுக்கு ஆபத்தாக நடந்தால் இரண்டு நிமிடம் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு உள்ளே அனுப்புங்கள். அதே சமயம், கணக்குப் பாடம் முடிக்கவில்லை என்று உடற்கல்வி வகுப்புக்கு ஒரு பிள்ளையை அனுப்பாமல் வைத்துக்கொள்கிற பழக்கம் பள்ளியில் இருந்தால், பணிவாகவாவது வழிகாட்டி ஆசிரியரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். அப்படி நிறுத்தப்படுகிற பிள்ளைதான் பெரும்பாலும் அதிகம் ஓடியாட வேண்டிய பிள்ளை.

அடிபட்டால் என்ன செய்ய வேண்டும்? எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. வகுப்பெடுக்கும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் குறையும். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, யாரை அழைக்க வேண்டும், நீங்கள் அடிபட்ட பிள்ளையோடு இருக்கும்போது மற்றவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, இதயக் கோளாறு என்று வழிகாட்டி ஆசிரியரிடம் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை, மைதானத்துக்கு வர வேண்டும். மூச்சிழுப்பு வந்தால் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம். சற்று முன்னே குனிந்து உட்கார வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒன்றுமில்லை சார்’ என்று எழுந்து ஓடினாலும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு கிடையாது, மருத்துவர் பார்க்க வேண்டும். நினைவு தப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். கழுத்து வலிக்கிறது என்றால் அசைக்கவே கூடாது. எது நடந்தாலும் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், அன்றைக்கே எழுதிவைக்கவும் வேண்டும்.

வெயில் நாளில் தண்ணீர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகமே உறைக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே நிறுத்திக் குடிக்கச் சொல்லுங்கள்.

கையைப் பிடித்துச் சொல்லித் தரலாமா?

பள்ளியின் விதியை முதலில் கேளுங்கள். உருளப் பழக்கும்போது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போதும் ‘தோளைப் பிடிக்கப் போகிறேன், சரியா?’ என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். மற்றபடி செய்து காட்டினாலே பெரும்பாலும் போதும். எப்போதும் பலர் பார்க்கும் இடத்திலேயே இருங்கள்.

எனக்கே கரணம் போடத் தெரியாது. எப்படிச் செய்து காட்டுவது?

தெரிந்த பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். தன்னைப் போன்ற ஒரு பிள்ளை செய்வதைப் பார்க்கும்போது ‘எனக்கும் வரும்’ என்ற எண்ணம் மற்றவர்களுக்கு எளிதில் வரும். ஆனால் எல்லா நாளும் ஒரே பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பாதுகாப்பாகத் தாங்கிப் பிடிக்க உங்களுக்குத் தெரியாத எந்தச் செயலையும் சொல்லித் தரவும் செய்யாதீர்கள்.

மதிப்பெண் எதை வைத்துப் போடுவது? ஓட்டத்தின் நேரத்தை வைத்தா?

ஓட்ட நேரத்தில் பிள்ளையின் உயரமும் பிறந்த மாதமும் அடங்கியிருக்கின்றன. ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம், ஏழு வயதில் அது பெரிய வித்தியாசம். நீங்கள் சொல்லித் தந்ததை மட்டும் பாருங்கள். எறிதல் என்றால் பக்கவாட்டில் நின்றதா, எதிர்க்கால் முன்னே வந்ததா, எறிந்த பின் கை உடம்பைத் தாண்டிக் குறுக்கே போனதா. பெயர்ப் பட்டியலில் மூன்று கட்டம் போட்டு, வகுப்பு நடக்கும்போதே பத்துப் பதினைந்து பேரைக் குறித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் முடிந்துவிடுவார்கள். முதல் வாரமும் கடைசி வாரமும் குறித்துவைத்தால் உங்கள் அறிக்கைக்கும் அதுவே உதவும்.

என் வழிகாட்டி ஆசிரியர் பழைய முறையிலேயே நடத்துகிறார். நான் கற்றதை எப்படிச் செய்வது?

அது அவருடைய வகுப்பு, நீங்கள் போன பிறகும் அவர்தான் அந்தப் பிள்ளைகளோடு இருக்கப் போகிறார். ‘உங்கள் முறை தவறு’ என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். ‘சார், நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் நிலையங்கள் வைத்துப் பார்க்கட்டுமா?’ என்று கேளுங்கள். என்னிடம் அந்த மாணவி தாளை நீட்டியபோது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘இதைக் குறித்தேன், பார்க்கிறீர்களா மேடம்?’ என்று மட்டும்தான் கேட்டார். அவர் வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன்.

வகுப்பு மொத்தமாகக் கைவிட்டுப் போய்விட்டது. அழுகையே வந்துவிட்டது. நான் இதற்குத் தகுதியானவன்தானா?

என்னுடைய முதல் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் வளையத்தைக் கொடுத்துவிட்டுத்தான் விதிகளை விளக்கத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் மைதானம் முழுக்க வளையங்கள் உருண்டன, ஒருவன் மரத்தில் ஒன்றை மாட்டிவிட்டான், ஒரு சிறுமி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். பாடக்குறிப்பு ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அன்று மாலை ஓய்வறையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அப்படிப்பட்ட நாளில் இரவுக்குள் இரண்டு வரி எழுதுங்கள். எந்த நிமிடத்தில் கை நழுவியது? அந்த நிமிடத்துக்கு முன்னால் நான் என்ன செய்தேன்? பெரும்பாலும் பதில் சின்னதாக இருக்கும். பொருளைச் சீக்கிரம் கொடுத்துவிட்டேன், ரொம்ப நேரம் பேசினேன், இடத்தின் எல்லையைக் காட்டவில்லை. மறுநாள் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுநாள் நான் வளையங்களைத் தரையில் பரப்பி வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் ஆளுக்கொரு வளையத்துக்குள் போய், நான் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டார்கள்.